எதைப் படிப்பது? யார் தேர்வது?

மே மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். பொதுத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தியவாறு பெற்றோரும் பிள்ளைகளும் கல்லூரி வாயில்களில் காத்து நிற்கின்றனர். விண்ணப்பத் தாளில் பெயர், ஊர், தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுதும்வரை தடுமாறாத பேனா, 'விரும்பும் பாடம்' என்ற கட்டத்தின் அருகே வந்ததும் நின்றுவிடுகிறது. கணிதமா, வேதியியலா, வணிகவியலா, வரலாறா? பிள்ளை தந்தையின் முகத்தைப் பார்க்கிறான். தந்தையோ பக்கத்தில் நிற்பவரின் விண்ணப்பத்தைப் பார்க்கிறார்.

இந்தக் கட்டம் மிக அண்மைக் காலத்தது என்பதைப் பலர் அறியார். பல நூற்றாண்டுகளாகக் கல்லூரிகளில் இக்கேள்வியே எழவில்லை. எழுந்தபோதும் அது அமைதியாக எழவில்லை. 'மாணவன் எதைப் படிக்க வேண்டும்? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்?' என்னும் வினாவை முன்வைத்துப் பெரும் வழக்கே நடந்திருக்கிறது. அவ்வழக்கில் ஒரு பக்கம் அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் நின்றார். மறுபக்கத்தில் நின்றோருள் இயேசு சபைக் குருக்களும் இருந்தனர். நம் இல்லங்களில் இன்று நடக்கும் வாக்குவாதங்களுக்கு அவ்வரலாறு ஓரளவு வெளிச்சம் தரக்கூடும்.

விருப்பத்திற்கு இடமில்லாத காலம்

ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் சேரும் இளைஞன் முதலில் கலைப் பிரிவில்தான் சேர வேண்டும். இலக்கணம், தருக்கம், சொல்லாட்சிக்கலை ஆகிய மூன்றும், எண்கணிதம், வடிவகணிதம், வானியல், இசை ஆகிய நான்கும் பண்டைய ஏழு கலைகள் எனப்பட்டன. இவற்றோடு அரிஸ்டாட்டிலின் தத்துவமும் கற்பிக்கப்பட்டது. இதைக் கடந்த பிறகே இறையியல், சட்டம், மருத்துவம் என்னும் மூன்று உயர் பிரிவுகளின் கதவு திறக்கும். எதை முதலில் கற்பது, எதைப் பின்னர் கற்பது என்பதெல்லாம் மாணவன் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தன. ஏணியின் படிகளை வரிசையாக ஏறுவது மட்டுமே அவன் வேலை.

இந்த ஏணியை மதிக்காமல் ஏற முயன்று, விழுந்து, மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கிய ஒரு மாணவரை நாம் நன்கு அறிவோம். அவர்தாம் புனித இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட அந்த வீரர், மனம் மாறி, எருசலேம் சென்று திரும்பிய பின், ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமாயின் கல்வி தேவை என்பதை உணர்ந்தார். 1524-இல் பார்சலோனா நகரில், தமது முப்பத்து மூன்றாம் வயதில், சிறுவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார்.

ஈராண்டுகளுக்குப் பின் அல்கலா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருக்குப் பொறுமை இல்லை. தருக்கம், இயற்பியல், இறையியல் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் கற்க முற்பட்டார். பயன் மிகக் குறைவாகவே இருந்தது என்பதைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கையை எடுத்துரைத்தபோது அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அல்கலாவிலும் சாலமன்காவிலும் விசாரணைகளையும் சிறையையும் சந்தித்தபின், 1528 பிப்ரவரியில் பாரிஸ் நகரை அடைந்தார். அங்கு அவர் செய்த முதல் செயல் வியப்புக்குரியது. அவசரத்தில் அடித்தளம் சரியாக அமையவில்லை என்று கண்டு, மோந்தேகு கல்லூரியில் மீண்டும் சிறுவர்களுடன் அமர்ந்து இலத்தீனைத் தொடக்கத்திலிருந்து கற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறைத் தாண்டியிருந்தது. அதன் பின்னரே சாந்த் பார்ப் கல்லூரியில் தத்துவம் பயின்று, முதுகலைப் பட்டம் பெற்றார்.

சாந்த் பார்ப் கல்லூரியில் அவருடன் ஒரே அறையில் தங்கியவர்கள் இருவர். ஒருவர் பீட்டர் பேபர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபுக் குடும்பத்து இளைஞர், பிரான்சிஸ் சவேரியார். பட்டம் பெற்றுத் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த சவேரியார், பம்பலோனா மறைமாவட்டத்தில் மதிப்பும் வருவாயும் உடைய பதவி ஒன்றை நாடியிருந்தார். படிப்பு அவருக்கு ஓர் ஏணி. அந்த ஏணி எங்கே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை அவர் உள்ளத்தில் எழுப்பியவர் இஞ்ஞாசியார்.

அக்கேள்வி சவேரியாரை எங்கே கொண்டு வந்து சேர்த்தது என்பதை நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1542-இல் அவர் இக்கடற்கரைக்கு வந்தார். ஓராண்டுக்கும் மேலாக நம் மீனவச் சிற்றூர்களில் நடந்து நடந்து பணிபுரிந்த பின், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் தோழர்களுக்கு ஒரு மடல் வரைந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரிசுக்குச் சென்று, அறிவில் சிறந்தும் அதன் பயனை எண்ணாதிருப்போர் நடுவே பித்தனைப் போலக் கூவ வேண்டும் என்னும் தம் ஆவலை அதில் வெளியிட்டார். பாரிஸ் நகரின் விரிவுரைக் கூடங்களில் பதில் கிடைக்காத ஒரு கேள்வியை, தமிழ் மண்ணின் வெயிலில் நின்றவர் திருப்பி அனுப்பினார்: நீங்கள் கற்பது யாருக்காக?

ஒழுங்கு என்னும் கொடை

அல்கலாவில் கிடைத்த பாடத்தை இஞ்ஞாசியார் மறக்கவில்லை. 1548-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் பொதுமக்களின் பிள்ளைகளுக்காக இயேசு சபையின் கல்லூரி தொடங்கியபோதும், அதன்பின் ஐரோப்பா எங்கும் கல்லூரிகள் பெருகியபோதும், வரிசைமுறை என்பது அவற்றின் அடித்தளமாயிற்று. ஒன்றை நன்கு கற்றபின்தான் அடுத்தது.

அரை நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்து, 1586-இலும் 1591-இலும் வரைவுகள் எழுதி, பல நாட்டு ஆசிரியர்களின் கருத்துகளைக் கேட்டுத் திருத்தி, 1599-இல் சபைத் தலைவர் கிளாடியோ அக்வாவீவா வெளியிட்ட நூலே 'ராத்தியோ ஸ்துதியோரும்' எனப்படும் கல்வி ஒழுங்கு. இலக்கணத்தில் மூன்று வகுப்புகள், பின்னர் இலக்கியம், பின்னர் சொல்லாட்சிக்கலை, அதன் மேல் தத்துவமும் இயற்கை அறிவும் கணிதமும், அதற்கும் மேல் இறையியல் என்று அது படிகளை அமைத்தது. அக்காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இவ்வொழுங்கு நடைமுறைக்கு வந்தது. ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் சென்ற மாணவன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செல்வன் மகனுக்கும் செருப்புத் தைப்பவன் மகனுக்கும் ஒரே பாடம். ஏழை என்பதற்காக ஒருவனுக்குக் குறைந்த பாடத்தைக் கொடுத்துக் கைத்தொழிலுக்கு அனுப்பிவிடும் வழக்கம் அங்கில்லை. விருப்பப் பாடம் இல்லாத அம்முறையில் இப்படி ஒரு நீதியும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் ஒழுங்குக்கும் ஓர் ஆபத்து உண்டு. அறிவுலகம் வளர வளர, புதிய பாடங்கள் கதவைத் தட்டும். வேதியியல், உயிரியல், பொருளியல், நவீன மொழிகள், நவீன வரலாறு ஆகிய அனைத்தையும் பழைய படிவரிசைக்குள் திணிக்க முடியாது. எல்லாருக்கும் எல்லாம் என்பது இயலாத காரியம் ஆகும்போது, எதையாவது விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதை யார் முடிவு செய்வது?

எலியட் திறந்த கதவு

இக்கேள்விக்குத் துணிவாக விடையளித்தவர் சார்லஸ் வில்லியம் எலியட். 1834-இல் பிறந்த இவர் ஹார்வர்டு கல்லூரியில் பயின்றபோது அங்கும் கிரேக்கமும் இலத்தீனும் கணிதமும் எல்லாருக்கும் கட்டாயம். ஆனால் வேதியியல் பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்தில் இவ்விளைஞரைத் தனியே பணிபுரிய அனுமதித்தார். வகுப்பறையில் கிடைக்காத ஒரு மகிழ்ச்சி அந்த ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. தானே விரும்பித் தேடும் கல்வி எப்படி இருக்கும் என்பதை எலியட் அங்கேதான் கண்டிருக்க வேண்டும்.

1869-இல், முப்பத்தைந்து வயதில், அதே ஹார்வர்டுக்குத் தலைவரானார். 1909 வரை நாற்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். பதவியேற்றதும் ஒரே நாளில் எதையும் இடித்துத் தள்ளவில்லை. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சுவராக அகற்றினார். 1872-இல் இறுதியாண்டு மாணவருக்குக் கட்டாயப் பாடங்கள் நீங்கின. 1879-இல் மூன்றாம் ஆண்டினருக்கும், 1884-இல் இரண்டாம் ஆண்டினருக்கும் நீங்கின. அடுத்த ஆண்டு முதலாண்டினரின் கட்டாயப் பாடங்களும் பெருமளவு குறைந்தன. 1897-இல் எஞ்சியிருந்தது முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்று மட்டுமே. மற்றவை அனைத்தும் மாணவனின் விருப்பம்.

எலியட்டின் வாதம் எளிமையானது. ஒவ்வொரு மனிதரும் வெவ்வேறு திறமையோடு பிறக்கின்றனர். தன் திறமை எதுவென்று பதினெட்டு வயது இளைஞன் அறிவான். எந்த ஆசிரியர் குழுவையும்விட அவனே தனக்கு நன்கு தேர்ந்துகொள்வான். விருப்பமில்லாத பாடத்தில் கட்டாயத்தால் அமர்பவன் கற்பது குறைவு. தேர்ந்தெடுக்கும் சுதந்தரத்தை அனுபவித்துப் பழகாதவன் பின்னர் வாழ்க்கையில் எதையும் பொறுப்போடு தேர்ந்தெடுக்க மாட்டான்.

எதிர்ப்பு எழாமலில்லை. 1828-இலேயே யேல் கல்லூரியின் ஆசிரியர்கள் பழைய பாடத்திட்டத்தைக் காத்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தனர். மனத்தைப் பண்படுத்துவதும், அதை அறிவால் நிரப்புவதுமே கல்லூரியின் பணி, தொழிலுக்குத் தயாரிப்பது பின்னர் நடக்க வேண்டியது என்பது அவர்கள் நிலை. 1885-இல் நியூயார்க் நகரில் நடந்த பொது விவாதத்தில் எலியட்டை எதிர்கொண்டவர் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷ். ஸ்காட்லாந்தில் பிறந்த பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். தெரிவு செய்யும் உரிமை இருக்கலாம், ஆனால் ஆணிவேரான பாடங்களை மாணவன் தவிர்த்துவிட அனுமதிக்கலாகாது என்று அவர் வாதாடினார். ஆகவே இவ்வழக்கைக் கத்தோலிக்கருக்கும் பிறருக்கும் இடையே எழுந்த பிணக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு கட்டுரையும் ஒரு மறுப்பும்

ஆயினும் கத்தோலிக்கரை நேரடியாகச் சுட்ட ஒரு நிகழ்ச்சி 1899 அக்டோபரில் நடந்தது. 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் இடைநிலைக் கல்வியின் மாற்றங்களைப் பற்றி எலியட் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் ஒரே பாடம் விதிக்கும் முறைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தந்தார். ஒன்று, திருக்குர்ஆனின்படி கல்வி நடக்கும் இஸ்லாமிய நாடுகள். மற்றொன்று, இயேசு சபைக் கல்லூரிகள். இயற்கை அறிவியலுக்குச் சில சிறு இடங்கள் தந்ததைத் தவிர, நானூறு ஆண்டுகளாக இச்சபையின் பாடத்திட்டம் ஏறக்குறைய மாறவே இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. 1599-இல் வெளிவந்த நூலுக்கு 1899-இல் வயது முந்நூறுதான் என்பதை அவர் கவனிக்கவில்லை போலும்!

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. 1893 முதல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி ஒரு பட்டியல் வைத்திருந்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற கல்லூரிகளின் பட்டதாரிகள் நுழைவுத் தேர்வின்றிச் சேரலாம். 1898-இல் பாஸ்டன் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி என்னும் இரு இயேசு சபைக் கல்லூரிகள் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த எளிய கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளாவது வழக்கறிஞராகி மேலேற வேண்டும் என்று கனவு கண்ட கல்லூரிகள் அவை. நிறுவனத்தின் பெருமை மட்டுமன்று, பிள்ளைகளின் எதிர்காலமும் அங்கே பந்தயத்தில் இருந்தது.

எலியட்டுக்கு மறுமொழி எழுதியவர் திமோத்தி பிராஸ்னஹன் அடிகளார். பாஸ்டன் கல்லூரியின் முன்னாள் தலைவர். 'அட்லாண்டிக்' இதழ் அவர் மறுப்பை வெளியிட மறுத்தது. ஆகவே 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது ஒரு கத்தோலிக்க வார இதழிலும் தனிச் சிற்றேடாகவும் வெளிவந்தது. கூரிய நகைச்சுவையும் தருக்கமும் கலந்த அம்மறுப்பு பரவலாகப் படிக்கப்பட்டது. இயேசு சபைக் கல்லூரிகளில் அறிவியலும் கணிதமும் சிறு இடம் பெறவில்லை, தக்க இடமே பெற்றுள்ளன என்று அவர் காட்டினார். விருப்பத் தேர்வு என்னும் கொள்கை முற்றிலும் சரியானால் அதைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கும் அளிக்க வேண்டியதுதானே, எங்கேயாவது ஓர் எல்லை வேண்டுமென்றால் அந்த எல்லையை வரைவது யார் என்று கேட்டார்.

இன்று அமைதியாக எண்ணிப் பார்க்கும்போது, இருவரிடமும் உண்மை இருந்தது எனலாம். இருவரிடமும் பார்வைக் குறையும் இருந்தது. எலியட்டின் ஹார்வர்டில் பல மாணவர்கள் சுதந்தரத்தைப் பயன்படுத்தி எளிய தொடக்கநிலைப் பாடங்களாகவே பொறுக்கினர். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கற்று, எதிலும் ஆழம் காணாமல் பட்டம் பெற்றனர். காலையில் தாமதமாகத் தொடங்கும் வகுப்பு, எளிதில் மதிப்பெண் தரும் ஆசிரியர் என்பவைகூடப் பாடத் தேர்வின் காரணங்களாயின. மறுபுறம், பழைய ஒழுங்கை முழுமையாகக் காத்துநின்ற கத்தோலிக்கக் கல்லூரிகளும் காலத்தின் கேள்விகளுக்கு விடைதர முடியாமல் திணறின. கத்தோலிக்க இளைஞர் பலர் பிற கல்லூரிகளை நாடிச் சென்றனர்.

முதன்மைப் பாடம் பிறக்கிறது

இவ்விரு கரைகளுக்கும் நடுவே கட்டப்பட்ட பாலம்தான் நாம் 'மேஜர்' என்று வழங்கும் முதன்மைப் பாடம். 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அந்தப் பத்தாண்டுகளின் இறுதியிலேயே முதன்மை, துணை என்னும் இரு சொற்களைப் பாடங்களுக்கு வழங்கத் தொடங்கிவிட்டது. ஹார்வர்டிலோ எலியட்டுக்குப் பின் 1909-இல் தலைவரான லாரன்ஸ் லாவெல், அடுத்த ஆண்டே புதிய விதியைக் கொண்டுவந்தார். பட்டத்திற்குரிய பதினாறு பாடங்களில் ஆறேனும் ஒரே துறையில் அமைய வேண்டும். மற்றவற்றுள் ஒரு பகுதி வெவ்வேறு துறைகளில் பரவி இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறிது, ஒன்றில் ஆழமாக என்பது அதன் கருத்து.

ஆகவே முதன்மைப் பாடம் என்பது கட்டற்ற சுதந்தரத்தின் குழந்தை அன்று, அச்சுதந்தரத்திற்கு இடப்பட்ட கரை. பின்னர் அமெரிக்க இயேசு சபைக் கல்லூரிகளும் முதன்மைப் பாட முறையை ஏற்றுக்கொண்டன. அதே வேளையில், தத்துவமும் இறையியலும் எல்லாருக்கும் உரிய பாடங்களாக நீடித்தன. ஒருவரையொருவர் சாடிய இரு முகாம்களும் பல ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தன.

நம் மண்ணில்

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது இலண்டன் பல்கலைக்கழகத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் பாளையங்கோட்டையில் எழுந்த தூய சவேரியார் கல்லூரி, 1925-இல் சென்னையில் எழுந்த இலயோலாக் கல்லூரி ஆகிய இயேசு சபைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தின்படியே கற்பித்தன. பட்டப் படிப்பின் முதல் ஈராண்டுத் தேர்வு எஃப்.ஏ. எனப்பட்டது. அதில் விருப்பத்திற்கு இடம் மிகக் குறைவு. ஆங்கிலம், கணிதம், கிரேக்க உரோமை வரலாறு, உடலியல் ஆகியவற்றில் தேறினால்தான் மேலே செல்லலாம்.

இந்தச் சுவரில் மோதிய ஒருவரின் பெயரை உலகம் அறியும். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செலுத்தவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. உடலியல் பாடம் அவருக்கு வேம்பாகக் கசந்தது. மறு ஆண்டும் அதே கதை. பட்டமின்றி, வேலையின்றி, பசியோடு அலைந்த அம்மேதை 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடலே வழி திறந்தது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918-இல் இராயல் சொசைட்டி உறுப்பினர் என்னும் பெருமையும் வந்தன. 1920-இல், முப்பத்திரண்டு வயதில், அவர் மறைந்தார். கல்லூரி ஒழுங்கிற்காக அவர் இழந்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. எலியட் சொன்னதில் இருந்த உண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் எல்லாரும் இராமானுஜன் அல்லர். தன் திறமை எதுவென்று பதினாறு வயதிலேயே ஐயமின்றி அறிந்தவர் சிலரே. பெரும்பாலோர் இராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகனைப் போன்றவர்கள். 1950-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்த அப்துல் கலாம், பின்னர் அங்கேயே இயற்பியல் பட்டப் படிப்பை எடுத்தார். பட்டம் பெற்ற பின்னர்தான் இயற்பியல் தமக்குரிய துறை அன்று, தம் கனவு பொறியியலில் இருக்கிறது என்று உணர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அறிவியல் படித்தவனுக்கு எந்தெந்த வழிகள் உண்டு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அப்போது ஆள் இல்லை. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணம் தேவைப்பட்டபோது, அவர் அக்காள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி தேர்ந்த வழியை மாற்றிக்கொள்ள அக்காள் விலை கொடுத்தார். இயற்பியல் படித்த ஆண்டுகள் வீணாகிவிட்டன என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அதே கல்லூரியில் செகுவேரா அடிகளார் கற்பித்த ஆங்கில இலக்கியமும் வீணாகவில்லை என்பதை அவர் எழுதிய நூல்களே சொல்லும்.

ஒருவர் முன்னரே அறிந்திருந்தார், கல்லூரி கேட்கவில்லை. மற்றவர் பின்னரே அறிந்தார், அவர் வீட்டார் இடம் கொடுத்தனர். இவ்விரு வாழ்க்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பாடத் தேர்வுக்கு ஒரே விதி வகுப்பது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபின், தேர்வின் காலம் இன்னும் முன்னே நகர்ந்துவிட்டது. பதினைந்து, பதினாறு வயதில், பதினொன்றாம் வகுப்பின் வாயிலிலேயே 'எந்த குரூப்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. எலியட் பதினெட்டு வயதுக்காரனுக்குக் கேட்ட உரிமையை நாம் பதினைந்து வயதிலேயே தந்துவிட்டோம் என்று மகிழலாமா? தந்தது உரிமையையா, சுமையையா? உண்மையில் அங்கே தேர்ந்தெடுப்பவர் பிள்ளை அல்லர். மதிப்பெண் தேர்ந்தெடுக்கிறது. அக்கம்பக்கத்தார் பேச்சு தேர்ந்தெடுக்கிறது. அந்த ஆண்டு எந்த வேலைக்குச் சம்பளம் அதிகம் என்ற செய்தி தேர்ந்தெடுக்கிறது. எலியட் விரும்பிய சுதந்தரமும் இல்லை, இஞ்ஞாசியார் விரும்பிய படிவரிசையும் இல்லை.

முடிவும் வழியும்

இஞ்ஞாசியார் விட்டுச்சென்ற கொடை கல்வி ஒழுங்கு மட்டுமன்று. அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் தேர்வு செய்தல் பற்றி ஒரு பகுதி உண்டு. கல்லூரிப் பாடத்தைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. ஆயினும் விண்ணப்பத் தாளின் முன் நிற்கும் குடும்பத்திற்கு அதில் மூன்று செய்திகள் இருப்பதாகத் தோன்றுகிறது.

முதலாவது, எது முடிவு, எது வழி என்பதைக் குழப்பிக்கொள்ளலாகாது. பலர் முதலில் பதவியையோ பொருளையோ தீர்மானித்துவிட்டு, பின்னர் அதற்குள் இறைவனைப் பொருத்திக்கொள்ள முயல்கின்றனர் என்கிறார் அவர். நாமும் முதலில் சம்பளத்தைத் தேர்ந்துகொள்கிறோம். அதன்பின் பாடம். அதன்பின் வாழ்வின் நோக்கம், நேரம் இருந்தால். சவேரியார் நம் கடற்கரையிலிருந்து பாரிசுக்கு அனுப்பிய கேள்வி, இந்த வரிசையை மாற்றச் சொல்வதாகும்.

இரண்டாவது, மாற்றக்கூடிய தேர்வு உண்டு, மாற்றவியலாத தேர்வு உண்டு. திருமணமும் குருத்துவமும் இரண்டாம் வகை என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். முதன்மைப் பாடம் முதல் வகையைச் சேர்ந்தது. அதை வாழ்நாள் தீர்ப்பு போல எண்ணிப் பிள்ளைகளை அச்சுறுத்துவது சரியன்று. முப்பத்தாறு வயதைத் தாண்டிய ஒருவர் சிறுவரோடு அமர்ந்து மீண்டும் தொடங்கியிருக்கிறார். ஓராண்டு போய்விடுமே என்று அஞ்சி, விருப்பமற்ற துறையில் நாற்பதாண்டுகளைத் தள்ளுவோர் நம்மிடையே எத்தனை பேர்!

மூன்றாவது, அவர் ஒரு பயிற்சி சொல்லித் தருகிறார். முன்பின் அறியாத ஒருவன், அவனுக்கு எல்லா நன்மையும் விளைய வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம் என வைத்துக்கொள்வோம். இதே சூழ்நிலையில் அவன் வந்து கேட்டால் நாம் என்ன அறிவுரை கூறுவோம்? அதையே நமக்கும் கூறிக்கொள்ள வேண்டும். பெற்றோர் இதைச் செய்து பார்க்கலாம். தம் மகள் என்பதையும், உறவினர் கேட்பார்கள் என்பதையும், தாம் அடையாமல் போன கனவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த தெருப் பெண் ஒருத்தி இதே திறமையோடும் இதே தயக்கத்தோடும் வந்து கேட்டால் என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலும் அப்போது நம் நாவிலிருந்து வேறொரு விடை வரும்.

நம் பங்குகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. கலாம் அவர்களுக்கு அன்று கிடைக்காதது பணம் மட்டுமன்று, வழிகளைப் பற்றிய செய்தியும்தான். ஒரு பங்கில் ஆசிரியர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், வங்கி ஊழியர் இருக்கிறார், மின்பணியாளர் இருக்கிறார், வரலாறு படித்து அரசுப் பணியில் சேர்ந்தவர் இருக்கிறார். ஏப்ரல் மாதத்து ஒரு ஞாயிறு மாலை, இவர்கள் தாம் படித்தது என்ன, அதனால் ஆனது என்ன, ஆகாதது என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒளிவுமறைவின்றிப் பேசினால், செலவில்லாத அந்த உதவி, பல பேனாக்களின் தடுமாற்றத்தைக் குறைக்கும்.

எலியட் மாணவனை நம்பினார். பிராஸ்னஹன் அடிகளார் ஆசிரியரின் பொறுப்பை நினைவூட்டினார். மாணவனை நம்பாத வழிகாட்டுதல் அடக்குமுறையாகும். வழிகாட்டாத சுதந்தரம் கைவிடுதலாகும். விண்ணப்பத் தாளை நிரப்பும் பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும். அதற்கு முந்தைய பல மாலைகளில், அவசரப்படாமல் அவனோடு பேசும் பொறுப்பு நம்முடையது.